குதிரையின் கண்ணிமைக் கட்டிக்கு அறுவை சிகிச்சை: நாங்கள் போன கண் பிரிவு எப்படி இருந்தது?

குதிரைக்குக் கண்ணிமையில் கட்டி என்று தெரிந்ததும் யாரிடம் கொண்டு போவது என்று திணறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பெட்டைக் குதிரை மின்னலின் கீழ் இமையில் இருந்த புற்றுக்கட்டியை ஒரு குதிரை மருத்துவமனையின் கண் பிரிவில் எடுத்தோம். வருடம் திரும்பிவிட்டது. இமை நன்றாக மூடுகிறது, பார்வைக்குக் குறையில்லை, கட்டியும் திரும்பவில்லை. ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்றால் நான்கு கொடுப்பேன். பரிசோதனைக்கும் அறுவைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது, குதிரை லாயத்துக்குத் திரும்பிய பிறகு நடந்த சில விஷயங்களுக்காக. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மின்னல் செவலை நிறம். நெற்றியிலிருந்து மூக்கு வரை அகலமான வெள்ளை. அந்த வெள்ளை இடது கண்ணையும் சேர்த்து வளைத்திருப்பதால் அந்தப் பக்கத்து இமைத்தோல் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். பார்க்க அழகு, ஆனால் ஆபத்து அதில்தான். கருமை இல்லாத தோலுக்கு வெயிலின் புற ஊதாக் கதிரிடமிருந்து காப்பு இல்லை. குதிரையின் கண்ணிலும் அதைச் சுற்றியும் வரும் கட்டிகளில் முதலிடம் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்கிற புற்றுக்குத்தான். கீழ் இமை, மூக்குப் பக்கத்து மூலை, மூன்றாம் இமை (கண்ணின் உள் மூலையிலிருந்து குறுக்கே வரும் சவ்வு), கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பு ஆகியவை அது விரும்பி வரும் இடங்கள். ஹாஃப்லிங்கர், பெல்ஜியன் இனக் குதிரைகளில் இதற்கு ஒரு மரபணுக் குறையும் துணை போகிறது. அதைக் கண்டுபிடிக்க ரத்தம் அல்லது முடியை வைத்துச் செய்யும் பரிசோதனைகூட வந்துவிட்டது.

எங்களுக்கு முதலில் தெரிந்தது கண்ணீர்தான். இடது கண்ணிலிருந்து கன்னம் வரை ஈரக்கோடு, அதில் ஈக்கள். வழக்கமாக வரும் மருத்துவர் கண் சிவப்பு என்று சொல்லி சொட்டு மருந்து கொடுத்தார். சரியாகவில்லை என்றதும் வேறு சொட்டு மருந்து. இப்படியே வாரங்கள் ஓடின. இமை விளிம்பில் அரித்தது போல ஒரு சிறு புண் இருப்பதையும், அது ஆறாமல் ஓரம் தடித்துக்கொண்டே போவதையும் லாயத்தில் வேலை பார்க்கும் பையன்தான் கவனித்தான். "அண்ணே, இது கண்ணு சிவப்பு இல்ல, புண்ணு பெருசாயிட்டே போகுது" என்றான். அவன் சொன்ன பிறகுதான் கண் பிரிவுக்கு எழுதிக் கேட்டோம். இந்தப் புற்று ஆரம்பத்தில் கட்டி மாதிரியே இருக்காது. சிவந்த, சொரசொரப்பான, ஆறாத புண்ணாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் நீர் வடிந்து, மருந்துக்கும் அடங்கவில்லை என்றால் மூன்றாவது சொட்டு மருந்துக்குக் காத்திருக்காதீர்கள்.

சரி, மருத்துவமனைக்கு வருகிறேன். அங்கே முதல் நாள் கத்தியைத் தொடவே இல்லை. அந்தப் பிரிவின் மருத்துவர் ஒரு பெண்மணி. முதலில் தூரத்தில் நின்று இரண்டு கண்ணையும் பார்த்தார். மேல் இமை மயிர் இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் நிற்கிறதா என்று கவனித்தார். வலி இருந்தால் அந்தப் பக்கத்து இமைமயிர் தாழ்ந்து நிற்குமாம். அப்புறம் தாடைக்கு அடியிலும் காதுக்குக் கீழேயும் இருக்கிற நிணநீர்க் கணுக்களை விரலால் தடவிப் பார்த்தார். லேசான மயக்கம் கொடுத்து, கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, ஒரு சிறு இடுக்கியால் மூன்றாம் இமையின் விளிம்பைப் பிடித்து வெளியே இழுத்து அதன் பின்பக்கத்தையும் பார்த்தார். வெளியே தெரிவது கொஞ்சமாகவும் உள்ளே ஒளிந்திருப்பது நிறையவும் இருக்கலாம் என்பதால் இதை விடக்கூடாது என்றார். பச்சையாக ஒளிரும் சாயம் விட்டு, கருவிழியில் உராய்ந்த புண் இருக்கிறதா என்றும் பார்த்தார். கடைசியில் இமைப் புண்ணிலிருந்து ஒரு சிறு துணுக்கு பயாப்ஸிக்குப் போனது. மூக்குப் பக்கமாகத் தள்ளி ஒரு மெல்லிய சிவப்புத் திட்டும் இருந்தது. அதை நாங்கள் யாரும் கவனித்திருக்கவில்லை. அதிலிருந்தும் ஒரு துணுக்கு எடுத்தார்.

எல்லாக் கட்டியிலும் இப்படித் துணுக்கு எடுத்துவிட மாட்டார்கள் என்பது எங்கள் இன்னொரு குதிரையை அதே இடத்துக்குக் கொண்டு போனபோது தெரிந்தது. அவன் இளம் வயது ஆண் குதிரை, காயடித்தவன். மேல் இமையின் தோலுக்கு அடியில் உருண்டையாக ஒரு கெட்டிக் கட்டி. மின்னலுக்கு எடுத்த மாதிரி இவனுக்கும் வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று நினைத்துப் போனேன். மருத்துவர் தொட்டுப் பார்த்ததுமே, "இதில் கத்தி வைக்க மாட்டேன், ஐயா" என்றார். அது சார்காய்டு என்கிற கட்டி. மாடுகளுக்கு மருவை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ்தான் குதிரைக்கு இதைக் கொண்டு வருகிறது. உள்ளுறுப்புகளுக்குப் பரவாது. ஆனால் இருக்கிற இடத்தில் அடங்கியும் இருக்காது. இமையில் இருக்கும்போது சுற்றிலும் தாராளமாக விட்டு வெட்ட இடமில்லை. குறைவாக வெட்டினாலோ, துணுக்கு எடுக்கிறேன் என்று சீண்டினாலோ முன்பைவிட வேகமாகக் கிளம்பிவிடும். அதனால் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி மருந்தையே கட்டிக்குள் போட்டு, உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டியின் மேல் ஏவிவிடும் வழியைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி. அடுத்தடுத்த ஊசிகளில் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே அதற்கான மருந்து கொடுத்து, ஊசி போட்ட பிறகும் பக்கத்தில் வைத்துக் கவனித்தார்கள். கட்டி முதலில் வீங்கி, உடைந்து, சீழ் வடிந்து, பார்க்கவே பயமாக இருந்தது. பிறகு சுருங்கியது. அறுவை சிகிச்சைக்கென்றே பெயர் வாங்கிய பிரிவு, வெட்ட வேண்டாத இடத்தில் வெட்டாமல் விட்டதை நான் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன்.

மின்னலுக்கு முடிவு வந்தது. இமை விளிம்பில் இருந்தது எதிர்பார்த்த புற்றுதான். மூக்குப் பக்கத்துச் சிவப்புத் திட்டும் அதே நோய்தான், ஆனால் மேல்தோலைத் தாண்டாத ஆரம்ப நிலை.

இங்கே மருத்துவர் உட்கார்ந்து பேசிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தாளில் இமையை வரைந்தார். விளிம்பின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போனால் மீதியை நேராக இழுத்துத் தைத்துவிடலாம். அதற்கு மேல் போனால் பக்கத்துத் தோலை நகர்த்திக் கொண்டுவந்து புது இமை கட்ட வேண்டும். நாயின் முகத்தில் தொளதொளவென்று தோல் இருக்கும், இழுத்தால் வரும். குதிரையின் கண்ணைச் சுற்றியுள்ள தோல் எலும்போடு இறுக்கமாக ஒட்டியிருப்பதால் அந்த வேலை கஷ்டம். இமை ஒழுங்காக மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். கட்டியை எடுத்துவிட்டுக் கண்ணை இழந்த கதையாகிவிடும். எங்களுக்குக் கட்டி மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தது. ஆனால் இரண்டாவது திட்டையும் சேர்த்து வெட்டினால் அளவு தாண்டிவிடும், அத்தோடு கண்ணீர் வடியும் துளையும் அந்த மூலையில்தான் இருக்கிறது. எனவே முதலாவதை வெட்டி எடுப்பது, இரண்டாவதை திரவ நைட்ரஜனால் உறைய வைத்துக் கொல்வது என்று முடிவானது.

"வெட்டினால் போய்விடுமா?" என்று கேட்டேன். "வெட்டு மட்டும் போதும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார். 157 குதிரைகளின் சிகிச்சைப் பதிவுகளை அலசி 2004-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட குதிரைகளில் ஏறத்தாழ 12 சதவீதத்துக்குத்தான் புற்று திரும்பியிருக்கிறது. கதிர்வீச்சு இல்லாதவற்றில் அது 44 சதவீதம். வெட்டிய பிறகு மீதமிருக்கும் செல்களைக் கொல்ல ஒரு துணைச் சிகிச்சை தேவையா என்பதை வெட்டுவதற்கு முன்பே யோசித்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஸ்ட்ரான்ஷியம்-90 என்கிற கதிரியக்கப் பொருளை வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு சில மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் போகும், மேலோட்டமான கட்டிக்குச் சரி. ஆழமாக இருந்தால் சிஸ்பிளாட்டின் என்கிற புற்றுநோய் மருந்தைக் கட்டி இருந்த இடத்திலேயே ஊசியாகப் போடுவது, இல்லாவிட்டால் கதிர்வீச்சுக் கம்பிகளைச் சில நாள் உள்ளே வைத்து எடுப்பது என்று வேறு வழிகள். எங்களுக்கு உறைய வைப்பது போதும், வெட்டிய சதையின் ஓரத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவு செய்வோம் என்றார். நீங்கள் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: வெட்டி எடுத்ததற்குப் பிறகு என்ன திட்டம்? பதில் தயாராக இல்லாத இடத்தில் குதிரையை விடாதீர்கள்.

அறுவை நின்ற நிலையிலேயே நடந்தது. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். முழு மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்தால், தெளிந்து எழும்போது கால் முறியும் ஆபத்து குதிரைக்கு எப்போதும் உண்டு. அதனால் இமை வேலையை முடிந்தவரை நிற்க வைத்தே செய்கிறார்கள். கம்பிச் சட்டத்துக்குள் நிறுத்தி, மயக்கத்துக்கு டெட்டோமிடினும் வலியைக் குறைக்க பியூட்டர்ஃபனாலும் நரம்பில் ஏற்றினார்கள். சில நிமிடத்தில் தலை தொங்கியது. மெத்தை வைத்த தாங்கியில் தாடையைச் சாய்த்து, காதுகளில் பஞ்சு அடைத்தார்கள். பிறகு கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் எலும்பு மேட்டின் மேல் என் விரலை வைத்து, "உருட்டிப் பாருங்கள்" என்றார் மருத்துவர். தோலுக்கு அடியில் கெட்டி நூல் மாதிரி ஒன்று வழுக்கியது. இமையை இறுக்கி மூட வைக்கும் நரம்பு அது. அந்த இடத்தில் ஊசி போட்டதும் மேல் இமை தளர்ந்து தானாக இறங்கிவிட்டது. ஆனால் அந்த ஊசி அசைவைத்தான் நிறுத்தும், வலியை நிறுத்தாது. வலிக்குக் கண்குழியின் கீழ் விளிம்பிலும் உள் மூலையிலும் தனியாக லிடோகைன் என்கிற மரத்துப்போகும் ஊசி போட வேண்டும், போட்டார்கள். சுத்தம் செய்ய நுரை வரும் சோப்பு மருந்து எதையும் தொடவில்லை. அது கருவிழியை எரித்துவிடும். நீர்த்த போவிடோன் அயோடின் கரைசல் மட்டும்தான்.

வெட்டியது சில நிமிடம். தையலுக்குத்தான் நேரம் பிடித்தது. கட்டியைச் சுற்றி நல்ல சதையும் கொஞ்சம் சேர்த்து, இமையின் முழுத் தடிமனுக்கும் ஆப்பு வடிவில் எடுத்தார்கள். பிறகு இரண்டு அடுக்காகத் தையல். உள் அடுக்கின் நூல் கண்ணின் பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது, பார்த்தால் ஒவ்வொரு இமைப்புக்கும் கருவிழியைக் கீறும். இமை விளிம்பில் மட்டும் 8 வடிவில் ஒரு தையல் போட்டு, முடிச்சைக் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வைத்தார். இரண்டு முனையும் கொஞ்சம்கூட மேடு பள்ளமில்லாமல் நேர்கோட்டில் சேர வேண்டும். முதலில் போட்டதில் இம்மி ஏறி இறங்கியிருந்ததாகத் தோன்றியிருக்கிறது. எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அதை அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டார். இன்றைக்கு அந்த விளிம்பில் விரல் வைத்துத் தடவினால் தைத்த இடம் எது என்று எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

உறைய வைக்கும் வேலை அதற்கப்புறம். கருவிழியை ஒரு தடுப்பு வைத்து மூடிவிட்டு, திட்டின் மேல் திரவ நைட்ரஜனைப் பாய்ச்சினார்கள். திட்டும் அதன் ஓரமும் வெளுத்துக் கெட்டியாகின. வேகமாக உறைய வைத்து, அவசரப்படுத்தாமல் மெதுவாகக் கரைய விட்டு, மறுபடி ஒரு முறை உறைய வைத்தார்கள். செல்களைக் கொல்வதில் அந்த மெதுவான கரைதலுக்கும் பங்கு உண்டாம், அதனால் இரண்டு சுற்று.

வெட்டிய சதை மொத்தமும் ஃபார்மலினில் போய், ஓரங்களுக்கு மை தடவி நோய்க்கூறியல் ஆய்வகத்துக்குச் சென்றது. இதைச் செய்யாத இடங்களும் உண்டு என்று கேள்விப்படும்போது எனக்கு மனசு பதறுகிறது. ஓரத்தில் புற்றுச் செல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், கட்டி போய்விட்டது என்று எந்த நம்பிக்கையில் சொல்வது? எங்கள் அறிக்கையில் எல்லா ஓரமும் சுத்தம் என்று வந்தது. மருத்துவர் அதைத் தொலைபேசியில் சொன்னதோடு நிற்காமல், எந்தப் பக்கத்து ஓரம் சுத்தமாக இருந்தாலும் குறுகலாக இருந்தது, எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதி அனுப்பினார்.

மின்னல் கண்ணில் மருந்து போட விடமாட்டாள். தலையைத் தூக்கினால் எட்டாது. இதை முதல் நாளே சொல்லியிருந்ததால், மேல் இமை வழியாக ஒரு மெல்லிய சிலிக்கோன் குழாயைச் செருகிவிட்டார்கள். குழாய் நெற்றி வழியாக வந்து, பின்னிய பிடரி மயிரோடு சேர்ந்து தோளுக்கு அருகே முடியும். அங்கே நின்றபடி மருந்தைச் செலுத்தி, பின்னாலேயே கொஞ்சம் காற்றை மெதுவாகத் தள்ளினால் மருந்து கண்ணுக்குப் போய்ச் சேரும். களிம்பு அதில் போகாது, சொட்டு மருந்து மட்டும்தான். தைத்த இமையைத் தொடாமலே மருந்து போட முடிந்தது பெரிய நிம்மதி. முரட்டுக் குதிரை வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி குறைகள். உறைய வைத்த இடம் எவ்வளவு வீங்கும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. லாயத்துக்கு வந்த அன்று இரவு கண்ணே தெரியாத அளவுக்கு வீக்கம். அவசர எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. காலையில் பேசியபோது, "இது எதிர்பார்த்ததுதான்" என்று பதில். எதிர்பார்த்தது என்றால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் தாளில் ஒரு வரி எழுதக்கூடாதா? அந்தத் தாளில் தையலைத் தேய்க்க விடக்கூடாது, இரண்டு வாரம் லாயத்தில் ஓய்வு, மயக்கம் முழுதாகத் தெளியும் வரை தீனி வைக்கக்கூடாது, வைத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்றெல்லாம் நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். வீக்கம் பற்றி மட்டும் இல்லை.

இரண்டாவது இன்னும் முக்கியம். உறைய வைத்த இடத்தில் தோல் நிறமியை இழக்கும், முடி வெள்ளையாக முளைக்கும். மின்னலுக்கு அங்கே மிச்சமிருந்த கொஞ்சம் கருமையும் போய்விட்டது. புற்று வந்ததே நிறமி இல்லாத தோலில். அப்படியிருக்க அந்த இடத்துக்கு இனி வெயில் இன்னும் ஆகாது என்பதைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தாலும் இதே சிகிச்சைக்குத்தான் சம்மதித்திருப்பேன், அதில் மாற்றமில்லை. ஆனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வலை முகமூடியை முதல் நாளிலிருந்தே வாங்கி வைத்திருப்பேன். இப்போது மேய விடும்போதெல்லாம் அது இல்லாமல் விடுவதில்லை. நல்ல வெயில் ஏறும் நேரத்தில் லாயத்துக்குள்தான்.

அறுவை முடிந்து போட்டுவிட்ட கண் கவசமும் சரியில்லை. ஒரு கண்ணுக்கு மட்டும் கெட்டிக் கிண்ணம் வைத்த முகமூடி அது. கிண்ணம் கண்ணைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் அளவு பெரிது, கன்ன எலும்பில் உராய்ந்து முடி உதிர்ந்துவிட்டது. லாயத்துப் பையன் ஆட்டு ரோமத் துண்டு ஒன்றை உள்ளே வைத்துத் தைத்த பிறகுதான் நின்றது. குதிரைக்குக் குதிரை முகம் மாறும் என்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியாததா?

இந்தக் குறைகளை எழுதி அனுப்பினேன். மருத்துவரே கூப்பிட்டுப் பேசினார். வீக்கம், நிறம் மாறுதல் இரண்டையும் தாளில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். அவசர எண் பற்றிய பதில் மட்டும் எனக்குத் திருப்தியில்லை. இரவில் வேறு எண்ணுக்கு மாற்றிவிடுகிறோம் என்றார்கள், அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தொடர் பரிசோதனைகளில் ஒரு குறையும் இல்லை. இந்தப் புற்று மெதுவாகத்தான் பரவும், ஆனால் அதே இடத்தில் திரும்ப வருவதும் மற்றக் கண்ணில் புதிதாகக் கிளம்புவதும் உண்டு. அதனால் ஒவ்வொரு முறையும் வலது கண், அதன் மூன்றாம் இமை, நிணநீர்க் கணுக்கள் என்று முதல் நாள் பார்த்ததையெல்லாம் திரும்பப் பார்க்கிறார்கள். கண்ணைத் தவிர வெளிறிய தோல் உள்ள மற்ற இடங்களையும் வால் தூக்கிப் பார்க்கிறார்கள். அங்கும் இது வருமாம். முதலாண்டு இடைவெளி குறைவு, பிறகு கூடும். ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டியதுதான்.

போகிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். இமையைப் பக்கத்திலிருந்து, ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் வாரம் ஒரு முறை படம் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலும் தெரியட்டும். வெள்ளை முகக் குதிரை என்றால் இன்றைக்கே தொடங்குங்கள், புண் வரும் வரை பொறுக்க வேண்டாம். முன்பு யார் என்ன மருந்து போட்டார்கள் என்ற சீட்டுகளையும் சேர்த்துக் கொண்டு போங்கள். அந்த மருத்துவர் முதல் கேள்வியாகக் கேட்பது அந்தப் படங்களைத்தான்.